‘கெட்’ என்றால் ‘பெறு’ அல்ல

பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த ஒருவருக்கு ‘போஸ்ட்போன்’ தெரியும், ‘டாலரேட்’ தெரியும், ‘இன்வெஸ்டிகேட்’ தெரியும். அதே ஆள் ஓர் ஆங்கிலப் படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் திணறிப்போகிறார். அவரைத் திணறடிப்பவை கெட், டேக், புட், மேக், கோ, கம், ரன் என்று ஆரம்ப வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பொடிச் சொற்கள்தாம். ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’ தெரியும். மூன்றும் சேர்ந்து ‘புட் அப் வித்’ என்று வந்து ‘பொறுத்துக்கொள்’ என்று பொருள் தரும்போது கை நழுவிவிடுகிறது. நமக்குச் சொல்வளம் போதவில்லை என்று இதற்கு வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. ‘டாலரேட்’ தெரிந்தவருக்குச் சொல்வளக் குறை எங்கே வந்தது? இந்தச் சின்ன வினைகளுக்கு ஆளுக்கொரு தமிழ்ச் சொல்லை ஒட்டிவைத்து மனப்பாடம் செய்ததில்தான் கோளாறு இருக்கிறது.

‘கெட்’டையே எடுத்துக்கொள்வோம். கையடக்க ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘பெறு’ என்று இருக்கும், ‘அடை’ என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு லண்டனில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் காலைப் பொழுதோடு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ஆறு மணிக்கு ‘கெட் அப்’, எழுந்திருக்கிறாள். ‘கெட் ரெடி’, கிளம்பத் தயாராகிறாள். மகனைப் பள்ளிக்கு ‘கெட்’ செய்தாக வேண்டும், அதாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் மழை, ‘கெட் வெட்’, நனைந்துவிடுகிறாள். சாயங்காலத்துக்குள் ‘கெட் எ கோல்ட்’, சளி பிடித்துக்கொள்ளும். அலுவலகத்தில் ஒருவர் ஜோக் அடிக்கிறார், ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்கிறாள், புரியவில்லையே என்று அர்த்தம். மேலாளரை ‘கெட்’ செய்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்கிறாள். மதிய இடைவேளையில் ‘கெட் எ ஹேர்கட்’, முடி வெட்டிக்கொள்கிறாள். எழு, தயாராகு, சேர், நனை, பிடி, புரி, செய்ய வை, வெட்டிக்கொள்: இத்தனையில் ‘பெறு’ ஓர் இடத்தில்கூட ஒட்டவில்லை. அன்றைக்கு அவளுக்கு ஒரு கடிதம் வந்தால் அங்கே மட்டும் ஒட்டும். அப்போதும் நாம் ‘கடிதம் வந்தது’ என்றுதான் பேசுவோம். ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்’ என்பது அலுவலகத் தமிழ்.

அகராதிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததல்ல. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் ‘டேக்’ என்ற ஒரு வினைக்கு மட்டும் 130க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்து எழுதினார். முன்னுரையில் இந்த மாதிரி வினைகளைப் பெயர் சொல்லியே வரிசைப்படுத்தி, இவற்றின் பொருள் பிடிக்குள் நிற்கமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், அது 1989இல் வந்தது, ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள்கள். அடுத்த பதிப்புக்கான திருத்த வேலையில் ‘ரன்’ அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது: வினையாக மட்டும் 645. பீட்டர் கிலிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். மனிதர் ஓடுவது, ஆறு ஓடுவது, எந்திரம் ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது என்று எல்லாம் அதற்குள் அடக்கம். இதில் முதல் மூன்றுக்கு நாமும் ‘ஓடு’ என்றே சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். படம் நூறு நாள் ஓடியது என்று சொல்ல நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதற்கே பொருளும் அதிகம் என்பதை அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஸிஃப் 1940களில் எண்ணிக்கை வைத்தே காட்டினார். ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த நோயில்லை இது.

ஆனால் 645 என்ற எண்ணில் ஒரு ஏமாற்று இருக்கிறது. அத்தனை பொருளும் ‘ரன்’ என்ற சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாக அது நினைக்க வைக்கிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் 1980களில், மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய வாக்கியங்களைப் பெருந்திரளாகக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார். அந்த வேலையிலிருந்து 1987இல் கோபில்ட் அகராதி பிறந்தது. ‘டேக்’ என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் கையால் எடுப்பது என்பார்கள். கணினி காட்டிய வாக்கியங்களிலோ கையால் எடுப்பது சிறுபான்மை. ‘டேக் எ லுக்’, ‘டேக் டைம்’, ‘டேக் பார்ட்’, ‘டேக் ப்ளேஸ்’ போன்றவையே நிறைந்திருந்தன. இவற்றில் வினை செய்யும் வேலை மிகக் கொஞ்சம். பார்வை, நேரம், பங்கு என்று பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் பொருளைச் சுமக்கிறது. காலத்தையும் ஆளையும் காட்டுவதற்கு ஒப்புக்கு ஒரு வினை வந்து நிற்கிறது. ‘மேக் எ மிஸ்டேக்’, ‘டூ தி டிஷஸ்’, ‘ஹேவ் எ பாத்’, ‘கிவ் எ ஸ்பீச்’ எல்லாம் இதே வகை. பொருள் வடிந்துபோன வினைகள் என்று இவற்றைச் சொல்லலாம். மனிதர்கள் சொல் சொல்லாகக் கோத்துப் பேசுவதைவிட, ஏற்கெனவே கட்டிவைத்த சொற்கூட்டங்களை அப்படியே எடுத்துப் பேசுவதே அதிகம் என்ற முடிவுக்கு சின்க்ளேர் வந்தார். கோபில்ட் அகராதி ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாகத் தராமல், அந்தச் சொல் புழங்கும் முழு வாக்கியமாகவே விளக்கம் எழுதியதற்கு இதுதான் காரணம்.

இதைக் கேட்டு ஆங்கிலம் கிறுக்குப் பிடித்த மொழி என்று முடிவு கட்டுவதற்கு முன் நம் வீட்டுப் பேச்சையும் கேட்டுவிடலாம். சோறு போடுகிறோம், டீ போடுகிறோம், கோலம் போடுகிறோம், சட்டை போடுகிறோம், ஃபேன் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம். சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், கேஸ் போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறோம். பூனை குட்டி போடுகிறது. இதில் டீ போடுவதும் சட்டை போடுவதும் எந்த விதத்தில் ஒரே செயல்? ஒன்றில் கொதிக்க வைக்கிறோம், மற்றதில் உடுத்துகிறோம். ‘அடி’யும் சளைத்ததல்ல: மணி அடிக்கும், வெயில் அடிக்கும், சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், பரீட்சையில் காப்பி அடிப்பார்கள், திண்ணையில் அரட்டை அடிப்பார்கள்; ஒரு இடத்திலும் யாருக்கும் வலிப்பதில்லை. தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் ‘போடு என்றால் என்ன?’ என்று கேட்டால் எந்தத் தமிழரும் ‘எதைப் போடுவது?’ என்றுதான் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியில் சின்க்ளேர் கண்டுபிடித்தது முழுக்க இருக்கிறது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் இந்த மாதிரி வினைகளுக்குப் பொருளை மட்டும் எழுதிவிட்டு நகராமல், பொருளுக்குப் பொருள் எடுத்துக்காட்டு வாக்கியம் தந்தது. ‘போடு’வுக்கு நாம் தரும் சலுகையை ‘புட்’டுக்கும் தர வேண்டும் என்பதே என் வாதம்.

எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினை சேரும் என்பதற்கு நியாயம் தேடிப் பயனில்லை. பரீட்சையைப் பாருங்கள். தமிழில் மாணவர் பரீட்சை எழுதுகிறார். அதனால் நம் ஆங்கிலத்திலும் ‘ரைட் தி எக்ஸாம்’ என்கிறோம். இந்தியில் மாணவர் பரீட்சை கொடுக்கிறார். ஆகவே வடக்கே பலர் ‘கிவ் தி எக்ஸாம்’ என்கிறார்கள். அமெரிக்காவில் மாணவர் பரீட்சையை ‘டேக்’ செய்வார், ஆசிரியர்தான் ‘கிவ்’ செய்வார். பிரிட்டனில் ‘டேக்’கும் உண்டு, ‘சிட்’டும் உண்டு, அதாவது பரீட்சைக்கு உட்காருவது. எழுதுவதும் கொடுப்பதும் எடுப்பதும் உட்காருவதும் ஒரே மூன்று மணி நேரத்தைத்தான் குறிக்கின்றன. ‘நான் நாளை பரீட்சை கொடுக்கிறேன்’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் அமெரிக்கர் அவரை வாத்தியார் என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. இலக்கணம் சுத்தமாக இருந்தும் ஆள் மாறிவிடுகிறது.

இனி, வினைக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வரும் அப், ஆஃப், அவுட், ஆன் என்ற துணுக்குகள். நம் மாணவர்களை அதிகம் அழ வைப்பவை இவை. ஆனால் இவற்றைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பாடநூல்கள் ஏன் அதைச் சொல்வதில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. நம்முடைய துணைவினைகளை நினைத்துப் பாருங்கள். ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் என்ன வித்தியாசமோ, ஏறக்குறைய அதே வித்தியாசம்தான் ‘ஈட்’டுக்கும் ‘ஈட் அப்’புக்கும். மிச்சம் வைக்காதே, முடித்துவிடு என்ற தொனி. ‘சாப்பிட்டுவிடு’வில் எதையும் கையிலிருந்து விடுவதில்லை, ‘ஈட் அப்’பில் எதுவும் மேலே போவதில்லை. காய்வது ‘டிரை’, காய்ந்துபோவது ‘டிரை அப்’. கிழிப்பது ‘டேர்’, கிழித்துப்போடுவது ‘டேர் அப்’. பேசிக்கொண்டே இருப்பதற்கு ‘கோ ஆன்’ என்றோ ‘கீப் ஆன்’ என்றோ முன்னால் ஒன்று சேர்ப்பார்கள். செயல் முடிந்ததா, நீள்கிறதா, வீணாயிற்றா என்ற நிறத்தைத் தமிழ் விடு, போடு, போ, வை, கொள், தொலை போன்ற வினைகளைச் சேர்த்துக் காட்டுகிறது. ஆங்கிலம் இந்தத் துணுக்குகளைச் சேர்த்துக் காட்டுகிறது. ஒப்புமை முழுமையானது என்று சொல்ல மாட்டேன். நம் துணைவினைகள் பெரும்பாலும் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை, ‘விடு’வை அனேகமாக எந்த வினையோடும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது, அதுவும் ஊருக்கு ஊர் மாறும். படிவத்தை நிரப்புவது ஓரிடத்தில் ‘ஃபில் இன்’, இன்னோரிடத்தில் ‘ஃபில் அவுட்’. வீடு எரிந்து தரைமட்டமானால் ‘பர்ன் டவுன்’, காகிதம் எரிந்து தீர்ந்தால் ‘பர்ன் அப்’.

பொருள் எங்கே இருக்கிறது என்பதை நம் தெருத் தமிழ் எப்போதோ கண்டுகொண்டது என்பதற்கும் சாட்சி உண்டு. ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்ற தொடரை வாங்கிய தமிழ், ‘ஸ்விட்ச்’சைக் கழற்றிப் போட்டுவிட்டு ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று ஆக்கிக்கொண்டது. அணைப்பது என்ற சேதி துணுக்கில்தான் இருக்கிறது என்று இலக்கணம் படிக்காமலே தெரிந்து செய்த வேலை இது. ‘ஒர்க்கவுட் ஆகாது’ என்று சொல்கிறவர் ‘ஒர்க்’ தனி, ‘அவுட்’ தனி என்று பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. சினிமாவில் நடிகரின் வேடத்தைச் சொல்லும் ‘கெட்டப்’ ஆங்கிலத்தில் உடையலங்காரத்துக்குரிய பெயராகவே இருப்பது. காலையில் எழும் ‘கெட் அப்’போடு அதை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. முழுத் தொடராக வாங்கியதில் தவறே வரவில்லை. வகுப்பறையில் பிரித்துப் படித்ததில்தான் தவறு வருகிறது.

அப்படியானால் நம் வகுப்பறை ஏன் ‘புட் ஆஃப்’பை ஒதுக்கி ‘போஸ்ட்போன்’னை மடியில் வைத்துக்கொண்டது? இதற்குப் பதில் இங்கிலாந்தின் வரலாற்றில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ்ந்ததால் அவர்களுடைய சாதாரணப் பேச்சுச் சொற்களே ஆங்கிலத்துக்குள் இறங்கின. கெட், டேக், கால், வான்ட் எல்லாம் அப்படி வந்தவை. ‘டேக்’ வருவதற்கு முன் ஆங்கிலத்தில் ‘நிமன்’ என்ற வினை இருந்தது; வந்த சொல் இருந்த சொல்லைத் துரத்திவிட்டது. மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்’ போன்ற சில சொற்களில் மட்டும் அதன் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1066இல் நார்மண்டிப் படை வென்ற பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சுக்குப் போயின. பிறகு படிப்பாளிகள் லத்தீனிலிருந்தும் அள்ளிக் கொண்டுவந்தார்கள். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு செயலுக்குக் கீழ்த்தளத்தில் ஒன்றும் மேல்தளத்தில் ஒன்றுமாக இரண்டு வினைகள்: கிவ் அப்–அபாண்டன், ஃபைண்ட் அவுட்–டிஸ்கவர், புட் அப் வித்–டாலரேட். இந்தியாவுக்கு ஆங்கிலம் கோப்பு, சட்டம், பாடநூல் வழியாக வந்தது. அந்த ஊர் அடுப்படிப் பேச்சு கப்பலேறவில்லை. நாம் மேல்தளத்தில் குடியேறியவர்கள். அங்கே நாம் எவ்வளவு சகஜமாக இருக்கிறோம் என்பதற்கு ‘ப்ரிப்போன்’ ஒன்று போதும். ஒரு நிகழ்ச்சியை முன்கூட்டியே வைப்பதற்கு பிரிட்டன்காரர் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்கிறார். இந்தியாவில் ‘போஸ்ட்போன்’னுக்கு ஜோடியாக லத்தீன் அச்சிலேயே ஒன்றை வார்த்துக்கொண்டோம். நல்ல சொல்தான், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மேல்தளத்துச் சொற்களே போதுமே, அவை தெளிவானவை, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். ஜப்பானியரும் பிரேசில்காரரும் தமிழரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் காலத்தில் லண்டன்காரரின் அடுப்படிப் பேச்சு எதற்கு? இதில் பாதி எனக்குச் சம்மதம். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம் ஒன்று 1980களில் உருவாக்கப்பட்டது. அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் அனுமதி. ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதியைப் பின்பற்றச் சொல்ல வேண்டுமானால் ‘ஓபே’ என்று எழுத வேண்டும். உயிர் போகும் இடத்தில் இந்தக் கறார் தேவை. ஆனால் அந்தக் கறாரைக் காப்பாற்ற ஒரு தனி அகராதியும், அதை விடாமல் கண்காணிக்கும் ஆட்களும் வேண்டியிருக்கிறது. பேச்சுக்கு அப்படிக் காவல் போட முடியாது. ‘புட் ஆஃப்’ என்று நாம் சொல்லாமல் இருந்துவிடலாம். எதிரில் இருப்பவர் சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்ள வழியில்லை. போதாக்குறைக்கு, நண்பரிடம் ‘நான் உன் தாமதத்தை டாலரேட் செய்ய மாட்டேன்’ என்றால் அது கோபமாகக்கூட ஒலிக்காது, நோட்டீஸ் ஒட்டியது மாதிரி ஒலிக்கும்.

இன்னொரு மறுப்பு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். சின்ன வினைகள் இவ்வளவு வேலை செய்யுமென்றால் அவற்றை மட்டும் படித்தால் போதாதா? இந்த யோசனையை ஒருவர் முழுமூச்சாகச் செய்தே பார்த்தார். சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று 850 சொற்களில் ஒரு சுருக்க ஆங்கிலத்தை வெளியிட்டார். அதில் வினைகள் வெறும் 18: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், டேக் முதலானவை. 1943இல் வின்ஸ்டன் சர்ச்சில்கூட ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசும்போது இதைப் பாராட்டினார். ஆனால் 18 என்பது காகிதத்தில்தான் 18. ‘சரணடை’ என்று சொல்ல ‘கிவ் அப்’ வேண்டும், ‘நுழை’வுக்கு ‘கோ இன்டு’ வேண்டும், ‘அணை’க்கு ‘புட் அவுட்’ வேண்டும். ‘புட்’டையும் ‘அவுட்’டையும் தனித்தனியே தெரிந்து வைத்திருப்பவருக்கு நெருப்பை அணைப்பது எப்படித் தோன்றும்? வெளியே வை என்றுதான் தோன்றும். ஆங்கிலேயருக்கு இலேசாகத் தெரிந்தது, யாருக்காகச் செய்தாரோ அவர்களுக்குச் சுமையாக இருந்தது. சொல் குறைந்தது, பொருள் குறையவில்லை.

ஒவ்வொரு துணுக்குக்கும் அடியில் ஒரு மூலப் படம் உண்டு, அதைப் பிடித்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று கருதும் மொழியியலாளர்களும் இருக்கிறார்கள். ‘அப்’ என்றால் மேல். பாத்திரத்தில் நீர் மேலே வந்தால் நிரம்பிவிட்டது என்று பொருள். அதிலிருந்துதான் முழுமை என்ற கருத்து வந்தது, ஆகவே ஃபில் அப், ஈட் அப், யூஸ் அப். கேட்க நன்றாக இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளவும் உதவும். ஆனால் ‘த்ரோ அப்’ என்றால் வாந்தி எடுப்பது என்பதையும் ‘மேக் அப்’ என்றால் கதை கட்டுவது, சமாதானமாவது, முகத்துக்குப் பூசுவது மூன்றுமே என்பதையும் அந்தப் படத்திலிருந்து யாராலும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது. தெரிந்த பிறகு விளக்கம் கண்டுபிடிப்பது சுலபம்.

நல்லவேளையாக, 645ஐயும் யாரும் படிக்க வேண்டியதில்லை. இதைக் காட்டியவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஆங்கிலம் எங்கே வலிக்கிறது என்று நேரில் பார்த்தவர். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்கள். ஒரு சொல்லின் இன்னின்ன பொருள் நூற்றுக்கு எத்தனை தடவை வருகிறது என்றும் அதில் குறித்திருந்தார். ஒரு வினைக்கு எத்தனை பொருள் இருந்தாலும் சிலவே திரும்பத் திரும்ப வருகின்றன, மற்றவை ஓரத்தில் நிற்கின்றன என்பது அந்த விழுக்காடுகளைப் பார்த்தாலே தெரியும். நம் இலக்கணப் பயிற்சி நூல்கள் இந்தக் கணக்கைக் கண்டுகொள்வதில்லை. கிவ் அப், கிவ் இன், கிவ் அவே, கிவ் அவுட் என்று முகம் ஒன்றுபோல் இருக்கும் நான்கை ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எதிரே தமிழ்ப் பொருளும் போட்டுவிடுகின்றன. குழப்புவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. வினையைச் சுற்றி அடுக்குவதை விட்டுவிட்டு ஒரு சந்தர்ப்பத்தைச் சுற்றி அடுக்கினால் கதை மாறும். பயணத்தை எடுத்துக்கொண்டால், தமிழில் எந்த வண்டியானாலும் ஏறுகிறோம், இறங்குகிறோம். ஆங்கிலத்தில் பஸ், ரயில், விமானம் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், டாக்ஸி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே நிமிர்ந்து நின்று நடக்க இடமிருந்தால் ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார வேண்டியிருந்தால் ‘இன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. கால் போட்டு ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் பைக்குக்கும் மறுபடி ‘ஆன்’தான்.